இறக்கப்போகிறவருக்கு எதற்கு மருந்து?

சில மாதங்களுக்கு முன் ஓரிரவு, ஹாலிஎலைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்திலிருந்து நோயில் பூசுதல் கொடுக்க வரும்படி அழைப்பு வந்தது. ஓட்டோ ஏறக்கூடிய தூரம்வரை ஏறி, மிச்சப் படிகளை டோர்ச் வெளிச்சத்தில் நடந்து கடந்தோம். லயத்தின் கடைசிக் காம்பராவில், அறுபதை எட்டாத ஒரு தகப்பன் படுத்திருந்தார். மூளையில் கட்டி. இனிக் குணப்படுத்த வழியில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவருடைய கைக்குள் ஓர் இரும்புச் சாவியைத் திணித்திருந்தார்கள். வாயோரத்தில் இரத்தம் காய்ந்திருந்தது. அன்று மட்டும் மூன்று முறை வலிப்பு வந்ததாகச் சொன்னார்கள்.

"மாத்திரை கொடுக்கவில்லையா?" என்று கேட்டோம்.

மூத்த மகன் தலை குனிந்தான். "முழுங்க முடியல சாமி. போகப்போற உயிருக்கு இனி என்னத்துக்கு மருந்துன்னு நாலு நாளைக்கு முன்னாடி நிப்பாட்டிட்டோம்." மகள் அழுதுகொண்டே வேறொன்று சொன்னாள்: "அந்த மாத்திரை குடுத்தா அப்பா தூங்கிக்கிட்டே கெடந்தாரு சாமி. நாங்களே அவரைக் கொல்றோமோன்னு பயமா இருந்துச்சு."

பிள்ளைகள் இருவருமே தகப்பனை நேசித்தவர்கள். ஒருவனுக்கு மருந்து வீண் என்று தோன்றியது. மற்றவளுக்கு மருந்து பாவம் என்று தோன்றியது. இரண்டு எண்ணமும் ஒரே இடத்தில் வந்து நின்றன: மாத்திரைப் பைக்கற்று அலுமாரிக்குள் போயிற்று. இந்த இரு கேள்விகளும் அந்த ஒரு காம்பராவுக்கு மட்டும் உரியவை அல்ல. படுக்கையில் ஒரு தாயோ தகப்பனோ கிடக்கும் எந்தக் குடும்பத்திலும் நாளை எழக்கூடியவை. ஆகவே வாசகர்களோடு சேர்ந்து அவற்றைச் சற்று ஆராய விரும்புகிறோம்.

முதலில் நோயைப் புரிந்துகொள்வோம். நம் மூளையின் கலங்கள் சிறு மின்துடிப்புகளால் ஒன்றோடொன்று பேசுகின்றன. கட்டியோ, பரவிய புற்றுநோயோ, பழைய பாரிசவாதத்தின் வடுவோ அந்த ஒழுங்கைக் குலைக்கும்போது, எல்லாக் கலங்களும் ஒரே நேரத்தில் கூச்சலிடுவதுபோல் ஆகிவிடுகிறது. அதுவே வலிப்பு. இரத்தத்தில் சீனியோ உப்போ மிகவும் குறைந்தாலும், சிறுநீரகம் செயலிழந்தாலும், நெடுநாள் குடித்தவர் திடீரென்று குடியை நிறுத்தினாலும் வலிப்பு வரலாம். சில வேளை உடல் துடிக்காமலே வலிப்பு வருவதுண்டு. நோயாளி வெறித்துப் பார்ப்பார், சம்பந்தமில்லாமல் முணுமுணுப்பார், நம்மை அறியமாட்டார். "கடைசி நேரம் வந்துவிட்டது" என்று நாம் எண்ணுவோம். தக்க மருந்து கொடுத்தால் அந்த மனிதர் மறுபடியும் நம்மைப் பெயர் சொல்லி அழைக்கவும் கூடும்.

இப்போது மகனின் கேள்விக்கு வருவோம். குணமாகாத நோய்க்கு மருந்து எதற்கு? இக்கேள்விக்குள் ஒரு தவறான எண்ணம் ஒளிந்திருக்கிறது. குணப்படுத்தினால்தான் மருந்து மருந்தாகும் என்பதே அந்த எண்ணம். வலிப்பு மாத்திரை கட்டியைக் கரைக்காது, உண்மைதான். தாகத்துக்குக் கொடுக்கும் தண்ணீரும் கட்டியைக் கரைப்பதில்லை. அதற்காகச் சாகும் மனிதனுக்குத் தண்ணீர் எதற்கு என்று எந்தப் பிள்ளையாவது கேட்பானா?

அத்துடன் வலிப்பு மருந்தைச் சடுதியாக நிறுத்துவதே ஆபத்து. அதுவரை அடங்கியிருந்த வலிப்பு முன்னிலும் வேகமாகத் திரும்பி வரும். விழுங்க முடியாமற்போனால் மருந்தை விடக்கூடாது. மருந்து போகும் வழியையே மாற்றவேண்டும். மிடசோலம், பீனோபார்பிட்டோன், லெவெட்டிரசெட்டம் போன்றவற்றைத் தோலுக்கடியில் ஊசி மூலம் கொடுக்க முடியும். மிடசோலத்தைக் கன்னத்தின் உட்பக்கத்தில் விடலாம். டயஸெபாமை ஆசனவாய் வழியாகச் செலுத்தலாம். எது, எவ்வளவு என்பதை டொக்டரே தீர்மானிக்கவேண்டும். இப்படி வழிகள் இருக்கின்றன என்பதை அறிந்து கேட்பது குடும்பத்தின் கடமை. எல்லோருக்கும் எல்லா மருந்தும் வேண்டும் என்பதும் சரியல்ல. மூளையில் கட்டி இருந்தும் ஒருமுறைகூட வலிப்பு வராதவருக்கு, முன்னெச்சரிக்கை என்று நீண்ட நாளைக்கு மாத்திரை கொடுக்கத் தேவையில்லை என்பதே மருத்துவர்களின் பொதுவான கருத்து.

மகளின் கேள்வி இதைவிட ஆழமானது. தூங்கவைக்கும் மருந்து கொலைக்குச் சமமா?

இதே கேள்வியை மருத்துவர்களே ஒருமுறை திருச்சபையிடம் கேட்டார்கள். மயக்கமருந்து நிபுணர்கள் அனுப்பிய மூன்று வினாக்களுக்குப் பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் 1957ஆம் ஆண்டு பெப்ரவரி 24ஆம் திகதி விடையளித்தார். வேறு வழி இல்லாதபோது, நோயாளி தம் ஆன்மீக, அறநெறிக் கடமைகளை நிறைவேற்றத் தடையாக இல்லாதபோது, வேதனையைத் தணிக்கும் மருந்தைக் கொடுக்கலாம். அதனால் உணர்வு மங்கினாலும், ஆயுள் சிறிது குறையக்கூடும் என்றாலும் அது ஆகும். ஆனால் தகுந்த காரணமின்றி, சாகும் மனிதனின் சுயநினைவைப் பறிக்கக்கூடாது. இதுவே அவர் போதனையின் சாரம். 1980ஆம் ஆண்டு மே 5ஆம் திகதி விசுவாசக் கோட்பாட்டுச் சபை இதை மீண்டும் உறுதிசெய்தது. 1992இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூலும் அவ்வாறே போதிக்கிறது.

பாப்பரசரின் எச்சரிக்கையை நன்றாகக் கவனியுங்கள். சுயநினைவு விலைமதிப்பற்றது என்கிறார். அந்த மகள் அஞ்சியதும் இதற்காகத்தான். ஆனால் அன்றிரவு அக்காம்பராவில் நாம் கண்டது என்ன? அத்தகப்பனின் நினைவைப் பறித்திருந்தது மருந்தல்ல, மருந்து இல்லாமையே. ஒவ்வொரு வலிப்புக்குப் பின்னும் மணிக்கணக்காக மயக்கம். மயக்கம் தெளியுமுன் அடுத்த வலிப்பு. எண்ணெய் பூசினோம். பாவசங்கீர்த்தனம் செய்ய அவரால் முடியவில்லை. நற்கருணையை வாங்க அவரால் முடியவில்லை. மனைவியை அவருக்குத் தெரியவில்லை. மாத்திரை தந்த தூக்கத்துக்கு அஞ்சி, அதைவிடக் கொடிய இருட்டுக்குள் அவரைத் தள்ளிவிட்டோம் என்பதை அப்பிள்ளைகள் அப்போதுதான் உணர்ந்தார்கள்.

வலியைப் போக்கும் மருந்துக்கும் வலிப்பை அடக்கும் மருந்துக்கும் இவ்விடத்தில் ஒரு வித்தியாசம் உண்டு. முன்னது சில வேளை நினைவை விலையாகக் கேட்கும். பின்னது, சரியான அளவில் கொடுத்தால், பெரும்பாலும் நினைவைத் திருப்பித் தரும். தொடக்கத்தில் வரும் தூக்கக் கலக்கம் பலருக்கு நாளடைவில் குறையும். குறையாவிட்டால் அளவை மாற்றலாம், மருந்தையே மாற்றலாம். கேட்டால்தானே டொக்டருக்குத் தெரியும்?

நன்மையும் தீமையும் மருந்தின் பெயரில் இல்லை என்பதற்குச் சரித்திரத்தில் ஒரு சாட்சி உண்டு. 1912இல் ஜேர்மனியில் அல்பிரட் ஹௌப்ட்மன் என்ற இளம் வைத்தியர், நோயாளிகளைத் தூங்கவைக்கக் கொடுத்த பீனோபார்பிட்டோன் வலிப்பையும் குறைப்பதைக் கண்டறிந்தார். நம் தோட்டங்களில் தொழிலாளருக்கு மருந்து வசதி அளிக்கவேண்டும் என்று இலங்கையில் மருத்துவத் தேவைகள் சட்டம் வந்ததும் அதே 1912இல்தான். மலிவான அந்த மாத்திரை இன்றுவரை உலகெங்கும் ஏழைகளின் வலிப்பை அடக்கி வருகிறது. ஆனால் 1939க்குப் பின் அதே ஜேர்மனியில், நாசி ஆட்சியின் மருத்துவர்கள் லுமினால் என்ற பெயரில் விற்கப்பட்ட அதே மருந்தை அளவுக்கு மீறிக் கொடுத்து, ஊனமுற்ற குழந்தைகளைக் கொன்றார்கள். வலிப்பு நோயாளரும் "வாழத் தகுதியற்றோர்" பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். 1941 ஓகஸ்ட் 3ஆம் திகதி மூன்ஸ்டர் ஆயர் வொன் காலன் பிரசங்க மேடையிலிருந்து இக்கொலைகளைப் பகிரங்கமாகக் கண்டித்தார். ஹௌப்ட்மன் யூதராகப் பிறந்தவர். அவரும் பதவியிழந்து நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது.

மருந்து ஒன்றே. ஒரு கை துன்பத்தைத் தணிக்க, தேவையான அளவைக் கொடுத்தது. மறு கை மனிதனையே ஒழிக்க, அளவை மீறிக் கொடுத்தது. ஒரே செயலில் நாம் நாடும் விளைவும் நாடாத விளைவும் இருக்கலாம் என்று புனித அக்குவினா தோமையார் 13ஆம் நூற்றாண்டிலேயே விளக்கியிருக்கிறார். என் நோக்கம் என்ன? என் அளவு அந்த நோக்கத்துக்கு ஏற்றதா? இவ்விரண்டையும் மனச்சாட்சியின் முன் வைத்துப் பார்த்தால் விடை கிடைக்கும்.

கடினமான நிலை ஒன்றும் உண்டு. எந்த மருந்துக்கும் அடங்காமல், வலிப்பு விடாது தொடரும் வேளை. அப்போது ஆழ்ந்த உறக்கத்தில் ஆழ்த்துவதைத் தவிர வேறு வழி இருக்காது. மரணத்தை வருவிக்கும் எண்ணம் இன்றி, மரணம் நெருங்கிய வேளையில், நோயாளியின் சம்மதத்தோடு, தாங்கொணாத துன்பத்தைத் தணிக்க அவ்வாறு செய்யலாம் என்று 2020இல் வெளியான "நல்ல சமாரியன்" என்ற மடல் கூறுகிறது. நினைவு இல்லாதவரிடம் சம்மதம் கேட்பது எப்படி? ஆகவேதான் நினைவு இருக்கும்போதே பேசிவைக்கவேண்டும் என்கிறோம்.

இங்கே ஒரு சிலர் கேட்கலாம்: "வலிப்பு வந்தவருக்குத்தான் உணர்வே இல்லையே, துன்பம் யாருக்கு?" நியாயமான கேள்வி. பெரிய வலிப்பின்போது அவர் ஒன்றும் அறியார் என்பது பெரும்பாலும் உண்மை. ஆனால் கடிபட்ட நாக்கும், நெரிந்த தோளும், அடுத்தது எப்போதோ என்ற அச்சமும் விழித்தபின் அவருக்குத்தான். பார்த்துக்கொண்டு நிற்கும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அக்காட்சி ஆயுள்வரை மறையாது. உணர்வற்றுக் கிடக்கும் உடல் வெறும் பொருள் என்றால், நாம் ஏன் இறந்தவரைக் குளிப்பாட்டி, வெள்ளை உடுத்தி, சிலுவையைக் கையில் கொடுக்கிறோம்? மரித்த உடலுக்குச் செய்யும் மரியாதையை உயிருள்ள உடலுக்கு மறுப்பது எந்த நியாயம்?

அந்தச் சாவியைப் பற்றியும் ஒரு சொல். இரும்பு வலிப்பை நிறுத்தாது. வாய்க்குள் கரண்டியோ துணியோ வைப்பது பல்லை உடைக்கும், மூச்சை அடைக்கும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்குக் கீழே மெதுவான துணி வைத்து, மணிக்கூட்டைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைக் கடந்தால் அது அவசர நிலை. டொக்டர் முன்கூட்டியே மருந்து தந்து பழக்கியிருந்தால் அதைக் கொடுங்கள். இல்லையேல் 1990 இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்பியூலன்ஸ் வரும்.

இது பேய் பிடித்த நோயும் அல்ல. இவ்விடயத்தில் பிறரைக் குறைகூறுமுன் நம்மையும் பார்த்துக்கொள்வோம். 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், வலிப்பு நோயாளரைப் பேய் பிடித்தோருடன் ஒரே வரிசையில் வைத்துக் குருப்பட்டத்திலிருந்து விலக்கியிருந்தது. 1983இன் புதிய சட்டத்தில் அது நீக்கப்பட்டது. திருச்சபையே கற்றுத் திருந்திய இடத்தில், நாம் இன்னும் பூசாரியின் நூலைத் தேடிப் போகலாமா?

இவ்வளவும் சொன்னபின், பாரத்தையெல்லாம் அந்தப் பிள்ளைகள்மேல் மட்டும் சுமத்துவது அநியாயம். விழுங்க முடியாமற்போனால் என்ன செய்வது என்று வீட்டுக்கு அனுப்பியவர்கள் ஒருவரும் சொல்லவில்லை. துண்டில் எழுதியிருந்தது அவர்களுக்கு வாசிக்கத் தெரியாத மொழி. தணிப்புப் பராமரிப்பு தேவைப்படுவோரில் ஏறக்குறைய 14 சதவீதத்தினருக்கே உலகில் அது கிடைக்கிறது என்று உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டுள்ளது. இருந்தும் ஏழை மக்கள் நடுவே இது முடியாத காரியமல்ல. பக்கத்துக் கேரளத்தில், கோழிக்கோட்டில் 1993இல் சில மருத்துவர்கள் சிறிய அளவில் இப்பணியைத் தொடங்கினார்கள். அயலவர்களே பயிற்சி பெற்று, வீடு வீடாகப் போய் நோயாளரைக் கவனிக்கும் இயக்கமாக அது வளர்ந்தது. 2008இல் அம்மாநில அரசு அதைத் தன் கொள்கையாகவே ஏற்றது. நம் பங்குகளில் மரியாயின் சேனையும் வின்சென்ட் தே பவுல் சபையும் இல்லையா? நோயாளியைச் சந்தித்துச் செபமாலை சொல்வதோடு, "மருந்து இருக்கிறதா? விழுங்குகிறாரா?" என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டால் என்ன?

குடும்பங்களுக்கு நாம் சொல்வது இதுவே. ஆஸ்பத்திரியை விட்டு வருமுன் கேளுங்கள்: வலிப்பு வந்தால் என்ன செய்வது, விழுங்க முடியாவிட்டால் என்ன செய்வது, யாரை அழைப்பது? தமிழில் எழுதித் தரும்படி கேளுங்கள். குருவையும் கடைசி மூச்சுக்குக் காத்திராமல், பேச்சும் நினைவும் இருக்கும்போதே அழையுங்கள். நோயில் பூசுதல் நோயாளருக்குரிய அருட்சாதனம். மூச்சு நிற்கும்வரை அதை ஒத்திவைக்க வேண்டியதில்லை.

அன்றிரவே அத்தகப்பனை அம்பியூலன்ஸில் ஏற்றினார்கள். ஊசியில் வலிப்பு அடங்கியது. இரண்டு நாள் தூங்கினார். அந்த இரண்டு நாளும் மகள் கட்டிலை விட்டு அசையவில்லையாம். மூன்றாம் நாள் விழித்து, பிளேன்ரீ கேட்டார். வீட்டுக்கு வந்தபின் நாம் மறுபடியும் சென்றோம். தட்டுத் தடுமாறிப் பாவசங்கீர்த்தனம் செய்தார். நற்கருணையின் ஒரு சிறு துணுக்கை வாங்கினார். பிறகு மனைவியை அருகே கூப்பிட்டு ஏதோ சொன்னார். அது நமக்குரியதல்ல என்று வெளியே வந்து, வாசலில் நின்றோம்.

அடுத்த வாரம் அவர் இறந்தார். கடைசி நாளிலும் வலிப்பு ஒருமுறை எட்டிப் பார்த்ததாம். இம்முறை மகன் அஞ்சவில்லை. பழக்கிக் கொடுத்த மருந்தைக் கன்னத்துக்குள் விட்டு, தகப்பனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலையைத் தன் மடியில் தாங்கிக்கொண்டிருந்தானாம். சாவி, எப்போதும் போல, கதவில் தொங்கியது.