பலகையை மடிக்காதே!

“அவனுக்கு மூளை இருக்கிறது, எனக்கு இல்லை.” தோற்றுவிட்டுச் சதுரங்கப் பலகையை மடிக்கும்போது இப்படித்தான் சொல்லிக்கொள்கிறாயா, தம்பி? இனி ஒருமுறைகூடச் சொல்லாதே! முதலில் இந்த ஆட்டத்தைப் பார்.

2013 ஜனவரி. நெதர்லாந்தின் விக் ஆன் ஸீ. வெள்ளைக் காய்களுடன் அர்மேனியாவின் லெவோன் அரோனியன். கறுப்புடன் நம் விஸ்வநாதன் ஆனந்த், அன்றைய உலக சாம்பியன். 15-ஆவது நகர்த்தலில் ஆனந்த் தன் பிஷப்பை, எதிரிச் சிப்பாய் வெட்டக்கூடிய கட்டத்தில் கொண்டுபோய் வைத்தார். அடுத்த நகர்த்தலிலேயே ஒரு குதிரையை இன்னொரு சிப்பாயின் வாயில் நிறுத்தினார். கை தவறிவிட்டதோ என்று தோன்றும்.

கணக்குப் போட்டுப் பார். சிப்பாய் அந்தக் குதிரையை வெட்டினால், கறுப்பு ராணி பலகையின் நடுவே பாய்ந்து செக் வைக்கும். ராஜா மூலைக்கு ஓடினால், அதன் பக்கத்துக் கட்டத்திலேயே போய் ராணி தன்னையே கொடுக்கும்! பின்னால் பிஷப் காவல் நிற்பதால் ராஜாவால் ராணியைத் தொட முடியாது. யானைதான் வெட்டியாக வேண்டும். வெட்டிய யானையே தன் ராஜாவின் கடைசி வழியையும் அடைத்துவிடும். மிச்சமிருக்கும் குதிரை ஒரே தாவல். செக்மேட்! அரோனியன் அந்த வலையில் கால் வைக்கவில்லை. ஆனாலும் ஆனந்தின் 23-ஆவது நகர்த்தலைக் கண்டதும் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

வானத்திலிருந்து விழுந்த வரமா இது? 1907-க்குப் போ. போலந்தின் வூச் நகரில் ரோட்லேவியை எதிர்த்து ஆடினார் அகிபா ரூபின்ஸ்டீன். அங்கும் கறுப்பின் இரண்டு பிஷப்கள் வெள்ளை ராஜாவின் வாசலைக் குறிபார்த்தன. அங்கும் ராணியையே விட்டுக்கொடுத்து, 25 நகர்த்தல்களில் வெற்றி! நூறாண்டு கடந்தும் அந்த வடிவம் சாகவில்லை. பழைய ஆட்டங்களைப் பிரித்துப் பிரித்துப் படித்தவர்களின் கண்ணில் அது குடியிருக்கிறது. மேதை என்று நீ கும்பிடுகிறவன், உன்னைவிட அதிகம் பார்த்தவன். அவ்வளவுதான்!

நீயும் பார். இன்றிரவே தொடங்கு. கடைசியாகத் தோற்ற ஆட்டத்தின் குறிப்புத்தாளை எடு. கம்ப்யூட்டரை அணை; அதிலுள்ள சதுரங்க எஞ்சின் நொடியில் விடை சொல்லிவிடும், உன் கண் பழகாமலே போய்விடும். ஒவ்வொரு நகர்த்தலிலும் மூன்றே கேள்வி: செக் வைக்க முடியுமா? எதை வெட்ட முடியும்? எதை மிரட்ட முடியும்? பிறகு எதிராளியின் நாற்காலியில் உட்கார்ந்து அதே மூன்றையும் கேள். எந்த இடத்தில் கேட்காமல் கையை நீட்டினாயோ, அங்கே சிவப்பு மையால் வட்டமிடு. அந்த வட்டம்தான் உன் ஆசான். அதற்குப் பிறகு எஞ்சினைத் திற. உன் கணக்கை உரசிப் பார்.

தேர்வில் தவறியவனுக்கும், நேர்காணலில் வாய் தடுமாறியவளுக்கும், கடை போட்டுக் கையைச் சுட்டுக்கொண்டவனுக்கும் இதையேதான் சொல்வேன். “எனக்கு ராசியில்லை” என்று முடித்துவிடாதே. எந்த இடத்தில் சறுக்கினாய்? அந்த ஒரு நகர்த்தலைக் கண்டுபிடி!

எழு! மடித்த பலகையை விரி. காய்களை அடுக்கு. சிவப்பு வட்டமிட்ட இடத்துக்குத் திரும்பிப் போ. விடை கிடைக்கும்வரை பலகையை விட்டு அகலாதே. அதே வடிவம் இன்னொரு நாள், இன்னொரு பலகையில் உன்முன் வரும். அன்று உன் கை நடுங்காது!