கம்பியைத் தொடும் கிளை

வீட்டுக் கொல்லையில் நாம் நட்ட மரம் நமக்குச் சொந்தம். இதில் ஐயமில்லை. ஆனால் அதன் கிளை மதிலைத் தாண்டி, தெருவில் செல்லும் மின்கம்பியை உரசிக்கொண்டு நின்றால், “என் மரம், என் இஷ்டம்” என்று சொல்ல மார்க்கத்தில் இடமுண்டா? சிறு விஷயமெனப் பலரும் ஒதுக்கிவிடும் இந்த மஸ்அலாவைச் சற்று ஆராய்வோம்.

ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதனோ, பறவையோ, கால்நடையோ உண்டால் அது அவருக்கு ஸதகாவாகிறது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நவின்றுள்ளார்கள். பாதையில் கிடந்த முட்கிளையை அகற்றிய ஒருவரின் பாவத்தை அல்லாஹ் மன்னித்ததாகவும் அவர்களே அறிவித்துள்ளார்கள். மரத்தை நடுவதிலும் நன்மை. கிளையை நீக்குவதிலும் நன்மை! இது முரணா? இல்லை. இரண்டுக்கும் அளவுகோல் ஒன்றே: பிறருக்கு அதனால் கிடைப்பது பயனா, தீங்கா?

“ஒரு கிளையால் அப்படி என்ன தீங்கு வந்துவிடும்?” எனச் சிலர் கேட்கலாம். 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் நடந்ததை அவர்கள் அறிய வேண்டும். மின்னோட்டம் மிகும்போது கம்பி சூடேறி, நீண்டு, கீழே தொய்யும். மரம் அதைத் தொடக்கூட வேண்டியதில்லை. போதிய அளவு நெருங்கினாலே உயர் அழுத்த மின்சாரம் இடைவெளியைத் தாண்டிப் பாய்ந்துவிடும். அன்று பிற்பகல் 3.05 முதல் 3.41 வரை, 36 நிமிடங்களில், 345 கிலோவோல்ட் கம்பித் தொடர்கள் மூன்று இவ்வாறே மரங்களால் துண்டிக்கப்பட்டன. கட்டுப்பாட்டு அறையின் எச்சரிக்கை அமைப்பும் செயலிழந்து கிடந்தது. விளைவு? அமெரிக்காவிலும் கனடாவிலுமாக ஏறத்தாழ 5 கோடி மக்கள் மின்சாரமின்றித் தவித்தனர். அந்தக் கம்பிகள் தமக்குரிய வரம்பை மீறிச் சுமக்கவில்லை. மரங்களைத்தான் உரிய காலத்தில் கழிக்காமல் வளரவிட்டிருந்தார்கள். குற்றம் கம்பியினுடையதன்று, மரத்தினுடையதுமன்று. “பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்ற மனிதனின் அலட்சியமே குற்றவாளி.

நம் தெருவிலும் இதே நிலைதான். கிளை முறிந்து அறுந்து விழுந்த கம்பியை விடியற்காலையில் மிதிப்பவர் பால்காரராக இருக்கலாம். சுப்ஹுத் தொழுகைக்குச் செல்லும் முதியவராகவும் இருக்கலாம். மின்சாரக் கருவியின் துணையால் மூச்சுவிடும் நோயாளி பக்கத்து வீட்டிலேயே படுத்திருக்கலாம்.

தீங்கு நேரும்வரை பொறுப்பில்லை என்று எண்ணிவிடக் கூடாது. ஹனஃபி ஃபிக்ஹு நூல்களில் சாய்ந்த சுவரைப் பற்றிய சட்டம் ஒன்றுண்டு. பாதையின் பக்கம் சாய்ந்த சுவரை இடிக்குமாறு உரியவரிடம் முறையாகக் கேட்கப்பட்டு, அவகாசமும் சக்தியும் இருந்தும் அவர் வாளாவிருக்க, அது விழுந்து சேதம் விளைந்தால் ஈடு செய்யும் பொறுப்பு அவருடையதே. லைன்மேன் வந்து எச்சரித்துப் போன பின்பும் கிளையை விட்டுவைப்பவர் இச்சட்டத்தைச் சிந்திக்கட்டும்.

ஆயினும், அரிவாள் எடுப்பவருக்கும் எல்லை உண்டு. அண்டை வீட்டாரின் எல்லைக்குள் நீண்ட கிளை குறித்து ஷாஃபிஈ மத்ஹபின் இமாம்கள் கூறும் வரிசையைக் கவனியுங்கள். முதலில் மரக்காரரிடம் அகற்றச் சொல்ல வேண்டும். அவர் மறுத்தால் கிளையை வளைத்துத் திருப்பலாம். அதுவும் இயலாவிட்டால் மட்டுமே வெட்டலாம். அதாவது, தீங்கு நீங்கும் அளவே அனுமதி. அதற்கு மேல் வரம்பு மீறல். ஒரு கிளைக்காக மரத்தையே சாய்ப்பதும், நுனி முழுவதையும் மொட்டையடிப்பதும் முறையன்று. மொட்டையடித்த மரம் அடர்ந்து தளிர்த்து விரைவிலேயே மீண்டும் கம்பியைத் தொடும் என்பது அனுபவம்.

நாட்டின் சட்டமும் நியாயத்தை நாடுகிறது. 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம், 68ஆம் பிரிவு, மின்பாதைக்கு இடையூறான மரத்தை அகற்ற அதிகாரம் தருகிறது. அதேவேளை, கம்பி போடப்படுவதற்கு முன்பே நின்ற மரமாயின் உரியவருக்கு நியாயமான நஷ்டஈடு வழங்க வேண்டும் என்றும் கூறுகிறது. முன்பே நின்ற மரத்துக்கும் ஹக் உண்டல்லவா!

எனவே சகோதரர்களே! மரம் நடும் முன் தலைக்கு மேலே பாருங்கள். கம்பிக்குக் கீழே உயரமாக வளரும் தென்னையையோ வேம்பையோ வைக்காதீர்கள். கிளை கம்பியை நெருங்கினால் நீங்களே ஏறி வெட்ட முனையாதீர்கள். பச்சை மரத்தில் மின்சாரம் பாயும், உயிருக்கே ஆபத்து. மின்வாரியத்திடம் சொல்லி, மின்சாரத்தை நிறுத்தச் செய்து, பயிற்சியுள்ளவரைக் கொண்டு கழியுங்கள். கழிக்க வருபவரோடு சண்டையிடாதீர்கள்; அவர் உயிரைப் பணயம் வைத்து நம் வீட்டு விளக்கைக் காப்பவர்.

நிழல் தர நட்ட மரம் நமக்குப் பழியைத் தேடித் தந்துவிடக் கூடாது. நாம் நட்டவை அனைத்தையும் நன்மையாகவே நிலைக்கச் செய்ய வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.