விலை மறந்தபின் நிலைப்பது

ஒரு படைப்புக்கு எவர் பணம் கொடுத்தார் என்பதைக் காலம் மெல்ல மறந்துவிடுகிறது. அது எதை உற்றுப் பார்த்தது என்பதையே நினைவில் வைக்கிறது. இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபையின் செலவில் பசில் ரைட் 1934இல் உருவாக்கிய ‘சோங் ஒப் சிலோன்’ என்னும் ஆவணப்படம், அதாவது உண்மை வாழ்வைப் பதிவுசெய்யும் படம், இலங்கையில் ஒலியின்றிப் பிடிக்கப்பட்டு, பின்னர் லண்டனில் ஒலி சேர்க்கப்பட்டு முழுமையடைந்தது. சந்தை விலைகளைச் சொல்லும் குரல்கள் மேலே ஒலிக்க, உழைக்கும் மனிதர்கள் பேசாது இயங்கும் அதன் மூன்றாம் பகுதியை இன்று தேயிலை விளையும் ஹட்டனிலோ நுவரெலியாவிலோ காண்பவருக்கு, விளம்பரம் மறைந்து, பெயர் எழுதப்படாத ஓர் உழைப்பின் சாட்சியமே எஞ்சுகிறது. படைப்பு இப்படி நிலைப்பதற்குப் பிறரின் கைகளும் வேண்டும். பிரான்சில் மௌனக் குறும்படங்களின் முன்னோடியான ஜோர்ஜ் மெலியே, 1923இல் தம் மூலப் படச்சுருள்களைத் தாமே எரித்தபோதும், உலகெங்கும் சிதறிக்கிடந்த பிரதிகள் அவரது கலையின் ஒரு பகுதியைக் காத்துத் தந்தன. கலைஞர் பெறும் கூலி அவரோடு முடிகிறது. அவர் செலுத்தும் கவனமோ, அதைப் போற்றிக் காக்கும் பிறரின் கைகளில் மரபாக வளர்கிறது.