வயலும் ஏர்மாடும்

கேள்வி: விடிந்தால் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும்; பிறகு அலுவலகம்; ராத்திரி வந்தால் அசதி. ஆண்டவருக்கு முதலிடம் கொடுங்கள் என்று ஞாயிறுதோறும் கேட்கிறேன். குடும்பத்தைப் பார்ப்பதும் அவர் தந்த பொறுப்புதானே?

பதில்: அவர் தந்ததுதான், சந்தேகமே இல்லை. ஆனால் நம்மை ஆண்டவரிடமிருந்து பிரிப்பது பாவம் மட்டும்தான் என்று எண்ணிவிடுகிறோம். லூக்கா 14-ஆம் அதிகாரத்து விருந்து உவமையைப் பாருங்கள். அழைக்கப்பட்டவர்களில் ஒருவன் வயல் வாங்கியிருக்கிறான், அடுத்தவன் ஐந்து ஏர்மாடு, மூன்றாமவனுக்குக் கல்யாணம். இதில் எது குற்றம்? திருடப் போனவனோ குடிக்கப் போனவனோ அந்தப் பட்டியலில் இல்லை. நல்ல காரியங்கள்தான் மூவரையும் விருந்துக்கு வரவிடாமல் செய்தன. அவை நல்லவையாக இருப்பதால்தான் நமக்கும் மனம் உறுத்துவதில்லை. இன்று அலாரத்தை நிறுத்தும் விரல் அப்படியே வாட்ஸ்அப்பைத் திறக்கிறது. பாயை விட்டு எழும் முன்பே ஊர்ப் பேச்செல்லாம் மனதில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஜெபத்துக்குத்தான் நேரம் இல்லாமல் போகிறது.

முதலிடம் என்பதை மணிக்கணக்காகப் பார்ப்பதால்தான் உங்களுக்கு இந்தத் திகைப்பு. மாற்கு முதல் அதிகாரத்தில், கப்பர்நகூமில் பொழுது சாய்ந்ததும் இயேசு இருந்த வீட்டு வாசலில் நோயாளிகளோடு ஊரே கூடுகிறது. மறுநாள் இருட்டோடே இயேசு எழுந்து, தனி இடத்தில் ஜெபிக்கிறார். எல்லோரும் தேடுகிறார்கள் என்று சீமோன் வந்து சொல்கிறார். தேடியவர்களின் தேவை பொய்யல்ல. ஆனாலும் இயேசு அடுத்த ஊர்களுக்குப் புறப்படுகிறார். கூப்பிட்ட குரல்களில் எதற்குப் போவது என்பது அந்த இருட்டு வேளையிலேயே தீர்ந்துவிட்டது என்றுதான் நான் வாசிக்கிறேன். பிதாவின் முன்னால் அன்றைய நாளை வைத்து, எது முந்தி எது பிந்தி என்று கேட்பதுதான் முதலிடம். அதற்கு நீண்ட நேரம் தேவையில்லை. மற்ற குரல்கள் வருவதற்கு முந்திய நேரம்தான் தேவை.

உத்தியோகத்தில் இருப்பவருக்கு இது நடக்குமா என்று கேட்கலாம். தானியேல் 120 தேசாதிபதிகளுக்கு மேலிருந்த மூன்று பிரதானிகளில் ஒருவர். தினம் மூன்று வேளை முழங்காலில் நின்றார். அவர் வேலையில் குறை கண்டுபிடிக்கப் பார்த்த எதிரிகளுக்கு ஒன்றும் அகப்படவில்லை. அப்படியானால் ஜெபத்தைச் சொல்லி வீட்டைக் கைவிடலாமா? கூடவே கூடாது. பெற்றோருக்குச் சேரவேண்டியதைக் கொர்பான், அதாவது காணிக்கை, என்று சொல்லி மறுத்தவர்களை இயேசு கடுமையாகவே கண்டித்தார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஜெபம் அந்தக் கட்டிலோரமே நடக்கட்டும். மற்ற நாட்களில் கைபேசியை இரவே கூடத்தில் சார்ஜில் போட்டுவிடுங்கள். தலைமாட்டில் சாதாரண அலாரம் கடிகாரம் ஒன்று போதும்.