காயம் ஆற்றும் காதலும் கால்கட்டும்

சிதம்பரத்தில் எங்கள் தெருவில் வாழும் மூதாட்டி ஒருவர், சென்ற மாதம் தம் பேத்தியை அழைத்துக்கொண்டு எம் இல்லத்துக்கு வந்தார். “ஹஜ்ரத், இவள் இரவும் பகலும் நாவலும் கையுமாகக் கிடக்கிறாள். நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கள்” என்று முறையிட்டார். கல்லூரியிற் பயிலும் அப்பெண் ஒன்றும் பேசாமல் அந்நூலை என்முன் வைத்தாள். படிக்காமல் பழிப்பது முறையன்று என்பதால் வாங்கி வைத்து, இரண்டு மாலைகளில் படித்து முடித்தேன்.

இளமையில் தாயை இழந்து, பின் காதலில் ஏமாற்றமும் கண்டு, நெஞ்சம் இறுகிப்போன ஒருவன். மணந்துகொண்டவளைச் சொல்லாலும் செயலாலும் வருத்துகிறான். அவளோ பொறுத்துப் பொறுத்து அன்பைச் சொரிகிறாள். கடைசிப் பக்கத்தில் அவன் அவள் மடியில் தலைசாய்த்து அழுது மனிதனாகிறான். முன்பு மாத நாவல்களாக வந்து நம் இல்லங்களில் உலவிய இவ்வகைக் கதைகள் இன்று கைப்பேசியிலும் வருகின்றன.

நூலைத் திருப்பித் தந்தபோது அப்பெண் கேட்டாள்: “ஹஜ்ரத், உடைந்த மனத்தை அன்பு ஒட்டவைக்கும் என்பது பொய்யா?”

பொய் என்று சொல்ல என்னால் இயலவில்லை. இல்லற வாழ்வின் நோக்கங்களுள் அமைதியை முதலில் வைத்து, அதன்பின் அன்பையும் இரக்கத்தையும் கூறுகிறது திருமறை (30:21). முதல் வஹீ வந்த நாளில் நடுநடுங்கி இல்லம் திரும்பிய பெருமானார் (ஸல்) அவர்களைப் போர்த்தித் தேற்றியவர் அன்னை கதீஜா (ரலி) அல்லரோ? ஆயினும் அவர் தேற்றிய விதத்தைக் கவனிக்க வேண்டும். பதினைந்து ஆண்டு இல்லறத்தில் தாம் கண்டறிந்த நற்குணங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். அறிந்த உண்மையின் மீது எழுந்த ஆறுதல் அது. அத்தோடு நில்லாமல், வேதமறிந்த வரகாவிடம் அழைத்தும் சென்றார். தம் அன்பு ஒன்றே போதும் என்று அவர் இருந்துவிடவில்லை.

நாவல் சறுக்குமிடம் இதுவே. காயம்பட்ட ஒருவருக்கு மற்றொருவரையே மருந்தாக அரைத்துக் கொடுத்துவிடுகிறது. அரைபடும் மருந்துக்கும் உயிருண்டு என்பதை அது எண்ணுவதில்லை.

நம் கடலூர் மண்ணில் பிறந்த இரு பெரும் எழுத்தாளர்கள் இதனை வேறு விதமாகக் கண்டனர். 1906இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய ‘சாப விமோசனம்’, இராமாயண அகலிகையைப் பற்றியது. கல்லாயிருந்தவள் பெண்ணாகிறாள், கணவனும் வெறுக்கவில்லை. எனினும் உள்ளத்துப் புண் ஆறவில்லை. முடிவில், அவளைத் தேற்ற எண்ணிக் கணவன் தழுவும்போது, முன்பு வஞ்சித்தவனே வந்ததாக மருண்டு மீண்டும் கல்லாகிறாள். அன்போடு வந்த அணைப்பே அவளுக்குப் பழைய காயமாயிற்று.

1934இல் பிறந்த ஜெயகாந்தன் 1966இல் ‘அக்கினிப் பிரவேசம்’ என்னும் சிறுகதையை எழுதினார். கெடுக்கப்பட்டு வீடு திரும்பும் மகளின் தலையில் நீரைக் கொட்டி, நீ தூய்மையாகிவிட்டாய் என்கிறாள் தாய். பின்னர் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலில், அதே தாய் கூச்சலிட்டு ஊரறியச் செய்திருந்தால் என்னவாகும் என்று எழுதினார். அந்த மகள் ஆண்டுகள் பல கழித்து, தன்னைக் கெடுத்தவனையே தேடிக் கண்டு நட்புக் கொள்கிறாள்; அந்த நெருக்கமும் அவளைக் கரை சேர்க்கவில்லை. இரு கதைகளையும் பிரிப்பது காதலன் எவனுமல்லன். வாசலில் நின்ற தாயின் சொல்லே. காயம் ஆறத் தொடங்குமிடம் பெரும்பாலும் பிறந்த வீடுதான்.

இவற்றையெல்லாம் நான் விளக்கிக்கொண்டிருக்கையில் மூதாட்டி குறுக்கிட்டார். பேத்திக்குக் கடலூரில் வரன் பேசியிருக்கிறார்களாம். “பிள்ளை கொஞ்சம் முன்கோபி. வாப்பா மௌத்தானதிலிருந்து அப்படி. கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடும், ஹஜ்ரத்” என்றார். நாவலைக் கையாலும் தொடாத அவர், நாவலின் கடைசிப் பக்கத்தை அப்படியே ஒப்பித்துவிட்டார்! பெண் தலை குனிந்திருந்தாள். அவள் கேள்வியின் பொருள் அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

எனக்கு வேறொன்றும் நினைவுக்கு வந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன், இதே சொல்லைச் சொல்லிக்கொண்டு ஒரு குடும்பத்தார் என்னிடம் வந்தனர். அவர்கள் மகன் எவரோடும் பேசாமல், சிறு சொல்லுக்கும் கைநீட்டும் நிலையில் இருந்தான். மணம் முடித்தால் மாறுவான் என்றனர்; நானும் ஆம் என்றேன். மருத்துவரிடம் காட்டச் சொல்லவில்லை. பெண் வீட்டாரிடம் சொன்னீர்களா என்று கேட்கவும் இல்லை. நிக்காஹ் மஜ்லிஸில் துஆ ஓதியவனும் நானே. எட்டாம் மாதம் அப்பெண் கை முறிந்து தாய்வீடு திரும்பினாள். அவள் தகப்பனார் என்னை ஏசவில்லை. “உங்களுக்கு முன்பே தெரியுமா, ஹஜ்ரத்?” என்று மட்டும் கேட்டார். தெரியும் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

அன்று நான் ஓதிய கல்வி என்னைக் காக்கவில்லை என்பதன்று. நான்தான் அதனைக் கைவிட்டேன். பாத்திமா பின்த் கைஸ் (ரலி) தம்மை மணம் பேசியோரைப் பற்றி அண்ணலாரிடம் ஆலோசனை கேட்டபோது, ஒருவர் வறியவர் என்பதையும், மற்றவர் தோளிலிருந்து தடியை இறக்காதவர் என்பதையும் அண்ணலார் மறைக்கவில்லை. மண ஆலோசனையில் இவ்வாறு குறையைச் சொல்வது புறம்பேசுதல் ஆகாது என்பதற்கு மார்க்க அறிஞர் இதனையே சான்றாகக் கொள்வர். அன்னை உம்மு ஸலமா (ரலி) கணவரை இழந்தபின் பெருமானார் (ஸல்) மணம் பேசியபோது, தம் ரோஷ குணத்தையும் வயதையும் பிள்ளைகளையும் தாமே எடுத்துரைத்தார். ஒவ்வொன்றுக்கும் மறுமொழி கிடைத்த பின்னரே மணம் நிகழ்ந்தது. காயம் உள்ளோர் மணக்கலாகாது என்பதன்று முறை. காயத்தைச் சொல்லி மணக்க வேண்டும்; கேட்பவருக்கு மறுக்கும் உரிமையும் இருக்க வேண்டும் என்பதே முறை.

அரபு எழுத்தைக் கற்பிக்கும்போது மாணவர்களுக்கு ‘ஸுகூன்’ என்னும் குறியைச் சொல்லிக்கொடுக்கிறோம். அது எழுத்தின் அசைவை நிறுத்தும், எழுத்தையே வேறாக்கிவிடாது. துணையின் அணைப்பில் கிடைக்கும் அமைதியும் அத்தகையதே. நடுக்கம் நிற்கும், குணத்தைத் திருத்திக்கொள்ளும் கடமை அவரவர்க்கே உரியது.

“பொய்யில்லை மகளே” என்றேன் அப்பெண்ணிடம். “ஆனால் உன்னிடம் எதையும் மறைக்காதவனுக்குத்தான் உன் அன்பு மருந்தாகும். நாவலைப் படி, அதன் கடைசிப் பக்கத்தை நம்பி வாக்குக் கொடுத்துவிடாதே.”

பின் மூதாட்டியிடம், மாப்பிள்ளையின் கோபம் எத்தகையது, யார்மீது கைநீட்டியிருக்கிறான், அதற்கு என்ன செய்தார்கள் என்றெல்லாம் நேரில் கேட்டறியச் சொன்னேன். “நாங்கள் போய் எப்படி ஹஜ்ரத் கேட்பது?” என்று தயங்கினார்.

கடலூர் ஒன்றும் தொலைவில் இல்லை. இம்முறை நானும் உடன் வருகிறேன் என்றேன்.