மலையில் ஒரு வீடு



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றிருந்தபோது, ஒசூர் தொழிற்சாலை ஒன்றில் நெடுங்காலம் உழைத்து இளைப்பாறப்போகும் குடும்பத் தலைவர் ஒருவர் என்னிடம் வந்தார். "சுவாமி, ஏற்காட்டில் ஒரு வீடு விலைக்கு வருகிறது. கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளோடு போய்த் தங்கலாம், மலைப்பாதையில் நடக்கலாம். ஆனால் வீட்டில் அவள், 'குடியிருக்க ஒரு வீடு இருக்கும்போது இன்னொன்று எதற்கு? பாவமில்லையா?' என்கிறாள். தாங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றார்.

அவசரப்பட்டு விடை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இது அவர் ஒருவருடைய கேள்வியுமல்ல. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் பெங்களூர்க்காரர்கள் பண்ணை மனைகள் வாங்குகிறார்கள்; நம்மவர் ஏற்காட்டைப் பார்க்கிறார்கள். ஆகையால் உங்கள் எல்லோரோடும் சேர்ந்து இதை யோசிக்க விரும்புகிறேன்.

முதலாவது, இளைப்பாறுதல் பாவமல்ல. ஊர் ஊராய்ப் போதித்துக் களைத்து வந்த அப்போஸ்தலர்களைத் தனித்த இடத்திற்கு வந்து சற்று இளைப்பாறும்படி அழைத்தவர் சேசுநாதர்தாமே. மலை வீட்டிற்கும் நல்ல காரணங்கள் உண்டு. கோடைக்கானலில் 1845-ம் ஆண்டு முதல் பங்களாக்களைக் கட்டியவர்கள் மதுரைச் சீமையில் உழைத்த அமெரிக்க மிஷனரிமார். சமவெளியின் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் மனைவி மக்களை இழந்தவர்கள் உயிர் பிழைக்க மலையேறினார்கள். அதை யார் குறை சொல்லக்கூடும்?

இரண்டாவது, சொத்து வைத்திருப்பதும் பாவமல்ல. தொழிலாளி தன் கூலியில் மிச்சம் பிடித்து நிலமோ வீடோ வாங்குவது அவனுடைய நியாயமான உரிமை என்று 13-ம் சிங்கராயர் பாப்பரசர் 1891-ம் ஆண்டு தமது நிருபத்தில் போதித்தார். ஆனால் அதே நிருபத்தில், அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் காட்டிய ஒரு வேறுபாட்டையும் அவர் நினைவூட்டினார்: உடைமை ஒருவனுக்குச் சொந்தமாயிருக்கலாம்; அதைப் பயன்படுத்தும்போதோ, தேவைப்பட்டவனோடு பகிர்ந்துகொள்ள ஆயத்தமாயிருக்க வேண்டும். 6-ம் சின்னப்பர் பாப்பரசர் 1967-ம் ஆண்டு இன்னும் அழுத்திச் சொன்னார்: சொத்துரிமை நிபந்தனையற்ற உரிமையன்று, பிறருக்கு அவசியமானதே இல்லாதபோது, தனக்கு மிஞ்சியதைத் தனக்கென்றே வைத்துக்கொள்ள ஒருவனுக்கும் நியாயமில்லை.

அப்படியானால் கேள்வி வீட்டைப் பற்றியதல்ல, அதன் பூட்டைப் பற்றியது. வருடத்திற்கு 365 நாள். நாம் மலைக்குப் போவது 25 நாள் என்று வைத்துக்கொள்வோம். மீதி 340 நாள் அந்த வீடு யாருக்காக நிற்கிறது?

நம் ஒசூரைப் பாருங்கள். வெளி மாநிலங்களிலிருந்து வேலைக்கு வந்த வாலிபர்கள் ஓர் அறையில் ஐந்து பேர், ஆறு பேர் தங்கி, ஒருவன் ஷிப்டுக்குப் போனதும் இன்னொருவன் அந்தப் பாயிலேயே படுக்கிறான். "ஏற்காட்டு வீட்டை நான் வாங்காவிட்டால் அவனுக்கு இடம் கிடைத்துவிடுமா?" என்று கேட்பீர்கள். கிடைக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏற்காட்டிலும் கூலிக்காரர் உண்டு. அங்கே காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிறவனின் மகனுக்குக் கலியாணமாகும்போது அவனும் கொஞ்சம் இடம் தேட வேண்டும். அந்த இடத்திற்கு அவனோடு போட்டியிடுவது நம்முடைய சேமிப்புப் பணம். இது நம் நாட்டுக் கவலை மட்டுமல்ல. தென் ஸ்பெயினில், மலையும் கடலும் சூழ்ந்த மாலகா நகரில், 2024-ம் ஆண்டு ஆயிரக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள். வீடுகளெல்லாம் விடுமுறைக்கு வருவோருக்குப் போய்விட்டால், ஊரில் பிறந்தவர்கள் எங்கே வாழ்வது என்பதே அவர்கள் முறையீடு.

ஊர்ப்புறத்திலேயே மனை வாங்க நினைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மழைக்காலம் கழிந்து ராகி முற்றும் வேளையில், பன்னேர்கட்டாக் காட்டிலிருந்து ஜவளகிரி வழியாக யானைகள் வருடந்தோறும் நம் பக்கம் வருகின்றன. இக்காடுகளில் ஒரு பகுதி 2014-ம் ஆண்டு காவேரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. யானையின் வழியில் வேலி போட்டுவிட்டு நாம் பெங்களூருக்கோ ஒசூருக்கோ திரும்பிவிடலாம். வழி தப்பிய யானை நுழைவது பரண்மேல் காவலிருக்கும் ஏழை விவசாயியின் கொல்லையில். பத்திரமும் பட்டாவும் சரியாயிருந்தால் சட்டத்திற்குப் போதும். மனச்சாட்சி அதற்குமேல் கேட்கும்.

மூன்றாம் கட்டளையையும் மறக்கலாகாது. ஓய்வுநாளைக் கற்பித்த சர்வேசுரன் வீட்டுத் தலைவனுக்கு மட்டும் ஓய்வு தரவில்லை. வேலைக்காரனுக்கும், வேலைக்காரிக்கும், அந்நியனுக்கும், கால்நடைக்குங்கூடத் தந்தார். நாம் இளைப்பாற மலைக்குப் போகும் ஞாயிறுகளில், அங்கே சமைத்து, பெருக்கி, காவல் காக்கிறவர்கள் பூசைக்குப் போனார்களா? தங்கள் பிள்ளைகளோடு ஒரு நேரம் உட்கார்ந்து சாப்பிட்டார்களா? பிறர் ஓய்வைப் பறித்துத் தேடும் ஓய்வை ஆண்டவர் ஆசீர்வதிப்பாரா?

சுவிசேஷத்தில் வரும் அந்தப் பணக்காரனை நினைத்துக்கொள்ளுங்கள். அவன் திருடவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை. நிலம் நன்றாக விளைந்தது, பெரிய களஞ்சியம் கட்ட எண்ணினான், அவ்வளவே. ஆனால் அவன் போட்ட கணக்கில் அவனைத் தவிர வேறு ஒரு ஆளும் இல்லை. மதியீனன் என்று ஆண்டவர் அவனைச் சொன்னது அதனால்தான் என்று தோன்றுகிறது. இதற்கு மாறாக, சேசுநாதருக்குச் சொந்த வீடே இருக்கவில்லை. ஆனாலும் அவர் இளைப்பாற பெத்தானியாவில் மார்த்தா, மரியாளின் வீடு திறந்திருந்தது. வீடு வைத்திருந்த அவர்களை அவர் கடிந்துகொள்ளவில்லை, அவர்களோடு பந்தியமர்ந்தார்.

அடுத்த ஞாயிறு நான் அந்த நண்பருக்குச் சொன்னது இதுதான்: "கடன் வாங்கியும், பெண்ணின் கலியாணத்தையும் பெற்றோரின் வைத்தியச் செலவையும் தள்ளிவைத்தும் வாங்குவதாயிருந்தால் வேண்டாம். வாடகைக்கு ஒரு வாரம் தங்கினாலும் அதே மலைதான், அதே காற்றுத்தான். வாங்கத்தான் வேண்டுமென்றால், வாங்கும் அன்றே இரண்டாவது சாவி ஒன்று செய்துவையுங்கள். அது யார் கையில் இருக்கும் என்பதை வாங்கும் முன்பே கணவனும் மனைவியும் பேசி முடிவு செய்யுங்கள். நோயில் தேறிவரும் ஓர் ஏழைக் குடும்பத்திற்கா? மலையையே பார்த்திராத பங்குப் பிள்ளைகளுக்கா? பெயர் ஒன்றும் தோன்றவில்லையென்றால், வீடு இப்போதைக்கு வேண்டாம் என்று அர்த்தம்."

அவர் சற்று நேரம் பேசவில்லை. "அவளிடம் கேட்டுச் சொல்கிறேன், சுவாமி" என்று சொல்லிப் போனார்.

உங்களில் பலருக்கு மலை வீடு வாங்க வசதியிராது. ஆனாலும் பூட்டிய அறை ஒன்று, உடுத்தாத துணி அடுக்கிய பீரோ ஒன்று, உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அதற்கும் இரண்டாவது சாவி உண்டு. அதை இந்த வாரம் யாருக்குக் கொடுக்கலாம் என்று, இன்றிரவு குடும்பச் செபம் முடிந்ததும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளுங்கள்.