பதினைந்து வயதில் சுதர்மம்

பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைக்கு இன்னதுதான் தொழில் என்று முடிவு செய்யும் உரிமை யாருக்கு இருக்கிறது? பெற்றோருக்கா, அரசுக்கா, வேலை தரும் கம்பெனிக்கா? பார்த்தால் கல்வித் துறைக் கேள்வி. ஆனால் சுதர்மம், அதாவது தனக்கென்று உரிய தொழில், என்ற பெயரில் இந்த நாடு ஈராயிரம் ஆண்டாக வாதாடி வரும் கேள்வியும் இதுதான். திருத்தணியிலிருந்து சோளிங்கர் போகும் சாலையில் உள்ள கே.ஜி.கண்டிகை போன்ற ஊரில் அதற்குக் கண்ணெதிரே கிடைக்கும் விடைகள் சிலவே: வயல் வேலை, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டைப் பக்கத்து விசைத்தறி, அரக்கோணத்து டயர் தொழிற்சாலை, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், எல்லை தாண்டினால் ஸ்ரீசிட்டி. பள்ளியையும் கல்லூரியையும் தொழிற்சாலையையும் சேர்த்துப் பிடித்து, அரசு பணம் போட்டுக் கூட்டுப் பயிற்சி நடத்துவது இத்தகைய ஊர்களுக்குத் தேவையே. சிக்கல் அந்தப் பணம் யாருக்கு உரியது என்பதில் இருக்கிறது. அது பிள்ளைக்கு உரியது என்பது என் கட்சி. பயிற்சி முடித்து, "எனக்கு இது வேண்டாம்" என்று வேறு பக்கம் போகும் பிள்ளைக்கும் அந்தப் பணம் பயன்பட்டிருக்க வேண்டும்.

கோயில் ஊர்களுக்கு இந்தச் சிக்கல் பழகியதுதான். மேளம் வாசிக்க, பூத்தொடுக்க, விளக்கேற்ற, பூசை செய்ய என்று குடும்பங்களுக்கு மானிய நிலம் விடப்பட்டது. ஊழியம் நடக்கும்வரை விளைச்சல் அந்தக் குடும்பத்துக்கு. கலைகள் தலைமுறை தாண்டி நின்றதற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் வாசிக்க மனமில்லாத மகன் நிலத்தை விட்டுவிட வேண்டும். வாசிக்கத் துடிக்கும் அடுத்த வீட்டுப் பையனுக்கோ உள்ளே வர வழியே இல்லை. கொடுத்தவர் மனம் எவ்வளவு தூயதாக இருந்தாலும், கொடை ஊழியத்தோடு கட்டப்பட்டபோது ஆளும் அதோடு சேர்த்துக் கட்டப்பட்டார். 1970இல் தமிழக அரசு சட்டத்தைத் திருத்தி அர்ச்சகர் பணியின் பரம்பரை உரிமையை நீக்கியது. 1972இல் சேஷம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் அத்திருத்தத்தை ஏற்றது. ஒரு முடிச்சு அப்படி அவிழ்ந்தது.

அதே போன்ற முடிச்சு பள்ளியிலும் விழப் பார்த்தது. 1953இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அவர் தரப்பையும் கேட்க வேண்டும். எல்லாப் பிள்ளைகளையும் பள்ளியில் சேர்த்தாக வேண்டும், கட்டடமும் ஆசிரியரும் போதாது. ஆகவே கிராமப் பள்ளிகளில் மூன்று மணி நேரம் பாடம், மீதி நேரம் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றார். கைத்தொழிலுக்கு மதிப்பு கூடும் என்றும் நம்பினார். காந்தி 1937இல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வியின் சாயல் இதில் உண்டு. ஆனால் ஆதாரக் கல்வியில் ராட்டை பள்ளிக்கூடத்துக்குள் இருந்தது. எந்தச் சாதிப் பிள்ளையும் அதைச் சுற்ற வேண்டும். ராஜாஜி திட்டத்தில் பட்டறை வீட்டில் இருந்தது, வீட்டுத் தொழிலோ சாதித் தொழில். பெரியார் எழுப்பிய எதிர்ப்புக்கு அவ்வளவு வேகம் வந்தது இதனால்தான். 1954இல் காமராஜர் முதல்வரானதும் திட்டம் கைவிடப்பட்டது.

தன் தொழிலைக் குறையோடு செய்தாலும் பிறர் தொழிலைச் சிறப்பாகச் செய்வதைவிட அது மேல் என்று கீதை இரண்டு இடங்களில் சொல்கிறது. அந்தத் 'தன் தொழில்' எது? திருத்தணியில் 1888இல் பிறந்த ராதாகிருஷ்ணன், 1926இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆற்றிய உரைகளில் வருணத்தை இயல்போடும் சமூகக் கடமையோடும் சேர்த்துப் பொருள் சொன்னார். பத்தாண்டு கழித்து அம்பேத்கர், லாகூர் மாநாட்டுக்காக எழுதி அங்கே பேச முடியாமல் போன உரையில், சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்பவர்களையே ஒருவருக்கு மேல் ஒருவராகப் பிரித்துவைக்கிறது என்று வாதிட்டார். இயல்பு பார்த்துத் தொழில் என்பது கேட்க நன்றாக இருக்கும்; பிறந்த அன்றே தொழில் முடிவாகிவிட்டால் இயல்பைப் பார்த்தவர் யார் என்பது அவர் கேள்வியின் சாரம். இதில் நான் அம்பேத்கர் பக்கம். ராதாகிருஷ்ணனின் வாழ்க்கையே அதற்குச் சாட்சி. உறவினர் ஒருவர் படித்து முடித்த தத்துவப் புத்தகங்கள் கைக்கு வந்ததால், செலவு மிச்சம் என்று தத்துவம் எடுத்தவர் அவர். எல்லாப் பிள்ளையும் ராதாகிருஷ்ணன் ஆகிவிடுமா என்று கேட்கலாம். ஆகாது. ஆனால் யார் என்ன ஆவார் என்பது பதினைந்து வயதில் அவருக்கே தெரியவில்லை என்பதுதான் இங்கே பொருள்.

எந்த வேலையானாலும் பலனில் பற்றில்லாமல் செய்தால் அதுவே யோகம், பிறகு தேர்வு எதற்கு என்று கர்மயோகத்தின் பெயரால் ஒரு மறுப்பு எழும். ஆனால் கீதையில் சுதர்மத்தை வற்புறுத்தும் அதே பதினெட்டாம் அத்தியாயத்தில், எல்லாம் சொல்லி முடித்த கண்ணன், இதை முழுக்க ஆராய்ந்து பார், பிறகு உன் விருப்பப்படி செய் என்று அர்ச்சுனனிடம் விட்டுவிடுகிறான். அடுத்த சில சுலோகங்களிலேயே என்னைச் சரணடை என்றும் சொல்கிறானே என்றால், சரணடைவதும் அர்ச்சுனன் செய்ய வேண்டியது. சந்தேகம் தீர்ந்தது, சொன்னபடி செய்வேன் என்ற பதில் அவன் வாயிலிருந்துதான் வருகிறது. பற்றின்மை தொழிலாளி தனக்குத் தானே விதித்துக்கொள்ளும் ஒழுக்கம். சம்பளம் கேட்காதே, வேறு வேலை தேடாதே என்று முதலாளி அதைப் பயிற்சியாளர்மேல் விதிக்கும்போது அதில் யோகம் எதுவும் இல்லை.

இன்றைய கூட்டுப் பயிற்சியில் தகப்பனின் பட்டறை இருந்த இடத்தில் பக்கத்துத் தொழிற்பேட்டை நிற்கிறது. பிறப்பு முடிவு செய்ததைத் தூரம் முடிவு செய்துவிடக் கூடும். தமிழ்நாட்டில் இரண்டு வகைச் செலவுகள் அருகருகே நடக்கின்றன. டாட்டா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.க்களை நவீனமாக்கும் திட்டத்தின் மதிப்பு சுமார் 2,877 கோடி ரூபாய். இந்தப் பணம் இயந்திரமாகிப் பயிற்சி நிலையத்திலேயே நிற்கும். 2022 செப்டம்பர் 5இல், ராதாகிருஷ்ணன் பிறந்தநாளில், தொடங்கிய புதுமைப்பெண் திட்டம் அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. கலைக் கல்லூரியோ, பாலிடெக்னிக்கோ, ஐ.டி.ஐ.யோ, அவள் போகுமிடம் போகும் பணம் அது. ஆண்களுக்கான தமிழ்ப்புதல்வன் 2024இல் வந்தது. இரண்டாம் வகையை மட்டும் வைத்துக்கொண்டால் கற்க இயந்திரம் இராது. முதல் வகை மட்டும் என்றால் இயந்திரம் எங்கே நிற்கிறதோ அதுதான் பிள்ளையின் விதி. கைவினைஞர்களுக்கான ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டத்தில் குடும்பம் வழிவழியாக அத்தொழிலைச் செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தமிழக அரசு எதிர்த்ததும், சாதி பாராத கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தானே கொண்டுவந்து குறைந்தபட்ச வயதை 35 என்று வைத்ததும் சரியான திசை. அந்த வயதுக்காரர் தொழிலைத் தானே தேர்ந்திருப்பார். பதினைந்து வயதுக்கும் அதே கவலை வேண்டும்.

வீட்டில் அடுப்பெரிய வேண்டிய குடும்பத்திடம் தேர்வுச் சுதந்திரம் பேசுவது வயிறு நிறைந்தவர் பேச்சு என்பார்கள். மறுப்புகளில் வலுவானது இதுதான். சம்பளம் முதலில் வரட்டும். அதற்காகவே அரசு பணம் போடும் இந்தப் பயிற்சியை ஆதரிக்கிறேன். ஆனால் சம்பளம் வாங்கினால் கதவு சாத்தப்பட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கிலும், டிப்ளமோ முடித்தவர் பொறியியலிலும் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரும் வழி இங்கே ஏற்கெனவே உண்டு. கூட்டுப் பயிற்சிகள் இந்தப் பாதைக்குள் வந்து சேர வேண்டும். ஒரே கம்பெனியின் சான்றிதழோடு நின்றுவிடக் கூடாது. பயிற்றுவித்த ஆள் ஓடிவிட்டால் எந்த நிறுவனம் பணம் போடும் என்பது முதலாளிகளின் கவலை. கேரி பெக்கர் 1964இல் வெளியிட்ட நூலில் பயிற்சியை இரண்டாகப் பிரித்தார்: எங்கும் செல்லுபடியாகும் திறன், ஒரு நிறுவனத்துக்குள் மட்டும் செல்லும் திறன். வரைபடம் படிப்பது, அளவெடுப்பது, வெல்டிங், மின்சுற்று எல்லாம் முதல் வகை. அதற்குப் பொதுப்பணம் தகும். இந்தக் கம்பெனியின் இந்த லைனில் இந்தப் பாகத்தை எப்படிப் பொருத்துவது என்பதைக் கம்பெனி தன் செலவில் சொல்லித்தரட்டும். ஜெர்மனியில் தொழிற்பயிற்சிக்கான பாடத்திட்டத்தை முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் அரசும் கூடி வகுக்கிறார்கள். சான்றிதழ் நாடு முழுதும் செல்லும். பயின்றவர் போய்விடலாம் என்று தெரிந்தே நிறுவனங்கள் அங்கே பயிற்சி தருகின்றன.

போகும் உரிமை மட்டும் போதாது என்பதற்கும் நம்மிடமே சான்று இருக்கிறது. எல்லாச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்று 2006இல் ஆணையிட்ட தமிழக அரசு, அடுத்த ஆண்டு பயிற்சிப் பள்ளிகளைத் திறந்தது. 207 பேர் தேறினார்கள். பயிற்சி, செலவு, சான்றிதழ் எதிலும் குறையில்லை. ஆனால் அந்த ஆணையை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றத்தில் 2015வரை கிடந்தது. அவர்களில் முதல் நியமனம் மதுரையில் 2018இல்தான் நடந்தது. 24 பேருக்குச் சேர்ந்தாற்போல் பணி கிடைக்க 2021 ஆகஸ்ட் ஆயிற்று. பயிற்சி கொடுத்த அரசே கோயில்களையும் நிர்வகித்த இடத்தில் இந்தத் தாமதம் என்றால், தனியார் கம்பெனி வாக்குறுதியை எழுத்தில் வாங்காமல் விடுவது எப்படி? எத்தனை பேருக்குப் பயிற்சி என்ற எண்ணோடு ஒப்பந்தம் நின்றுவிடக் கூடாது. தேறியவர்களில் எத்தனை பேருக்கு, என்ன சம்பளத்தில், எத்தனை மாதத்துக்குள் வேலை என்பதும், வேண்டாம் என்பவருக்கு எந்தப் படிப்பில் எந்த ஆண்டில் இடம் என்பதும் அதே ஒப்பந்தத்தில், கையெழுத்துக்கு மேலே எழுதப்பட்டிருக்க வேண்டும்.